ஒரே நண்டுக்கு மூன்று விலை

வாசகர் கேள்வி – பதில்

வெப் ஆப் எழுதுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஆப் வளர்ந்துவிட்டது, ஸ்டேட் (திரைகள் அந்த நேரத்துக்கு ஞாபகம் வைத்திருக்கும் தரவு) கையை மீறிப் போகிறது, அதைச் சமாளிக்க எந்த லைப்ரரி (வேறொருவர் எழுதித் தந்த ஆயத்த நிரல்) போடலாம்? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: அக்கா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நண்டு, மீன் கொள்முதலுக்கு ஓர் ஆப் நடத்துகிறோம். ரியாக்டில் (திரைகளைக் கட்டுவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதியது. ஆறு திரையில் ஆரம்பித்தது, இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம் ஒருநாள் மேல்பட்டையில் நண்டு விலை 450 என்று காட்டியது, எடை போடும் திரையில் 420, பில்லில் 435. படகுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். ரிடக்ஸ் போடு என்கிறார் ஒருவர், ஸுஸ்டாண்ட் போடு என்கிறார் இன்னொருவர். இரண்டும் ஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் லைப்ரரிகளாம். எது சரி?
– தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி

பதில்: படகுக்காரர் சண்டைக்கு வந்ததில் தப்பே இல்லை. நான் மண்டபத்தில் மீன் கமிஷன் கடை வைத்திருந்தவரின் மகள். கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் என்றால் நாற்பது கிலோவுக்கு அறுநூறு ரூபாய். எங்கள் கடை வாசலில் அதைவிடச் சின்னத் தொகைக்கெல்லாம் பெரிய சத்தம் கேட்டிருக்கிறேன்.

லைப்ரரி பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த விலை உங்கள் ஆப்பில் எத்தனை இடத்தில் குடியிருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். உங்கள் நிரலைப் பார்க்காமலே ஊகிக்கிறேன். எடைத்திரை காலை ஐந்து மணிக்குத் திறந்தபோது சர்வரிடம் விலையைக் கேட்டுத் தன் யூஸ்ஸ்டேட்டுக்குள், அதாவது தன் சொந்த ஞாபகத்துக்குள், போட்டுக்கொண்டது. அதன்பிறகு யாரும் அந்தத் திரையை மூடவில்லை, அதனால் அது 420-லேயே நிற்கிறது. பில் திரை ஏழு மணிக்குத் திறந்தது, அதற்குக் கிடைத்தது 435. மேல்பட்டை மட்டும் அவ்வப்போது சர்வரைக் கேட்கிறது, அதனிடம் புது விலை. மூன்றுமே உண்மையான விலைகள்தான், மூன்று வேறு நேரத்து உண்மைகள்.

இதைச் சரிசெய்யப் பலரும் முதலில் செய்வது, விலையை உச்சியில் இருக்கும் கம்போனென்டில் (திரையின் ஒரு துண்டு) வைத்துவிட்டு, ப்ராப்ஸாக (ஒரு கம்போனென்ட் தனக்குக் கீழே இருப்பதற்குக் கொடுக்கும் மதிப்புகள்) கீழே கைமாற்றிக்கொண்டே வருவது. கரையில் ஐஸ் கூடையை ஆள்மாற்றி ஆள் படகுக்குக் கடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நிற்கிற ஆறு பேருக்கும் ஐஸ் வேண்டாம், ஆனால் ஆறு பேர் கையும் விறைக்கும். ஆறு திரை இருக்கும்போது அது சரி. நாற்பது திரையில் நடுவில் நிற்கிற ஒரு கம்போனென்டை நகர்த்தினால் வரிசையே அறுந்துவிடும்.

அந்த லைப்ரரிகள் தரும் ஸ்டோர் என்பது இதற்கு நேர்மாறான ஏற்பாடு. நம் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். எண் 1-லிருந்து 11 வரை. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், இரவில் விளக்கு. ஒவ்வொரு படகாகப் போய் யாரும் காதில் சொல்வதில்லை. கூண்டு ஓர் இடத்தில் ஏறும், யாருக்குத் தேவையோ அவர் நிமிர்ந்து பார்ப்பார். படகுக்காரர் யாரும் தானாகப் போய்க் கூண்டை இறக்கிவிட முடியாது, அதற்கென்று ஓர் அலுவலகமும் ஒரு முறையும் உண்டு. ரிடக்ஸோ ஸுஸ்டாண்டோ, சாரம் இவ்வளவுதான்: ஓர் இடத்தில் வை, நேராகப் பார்க்க விடு, மாற்றுவதற்கு மட்டும் வாசல் வை.

இனிதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிற இடம். அந்தக் கூண்டு எண்ணைப் பாம்பன் முடிவு செய்வதில்லை. வானிலை ஆய்வு மையம் சொல்கிறது, பாம்பன் ஏற்றுகிறது. அங்கே தொங்குவதே ஒரு நகல்தான். உங்கள் நண்டு விலையும் அப்படித்தானே? அதன் சொந்தக்காரர் சர்வர். அதை ரிடக்ஸில் போட்டால் மூன்று விலை ஒரு விலையாகும், அதுவரை நல்லது. ஆனால் ஒன்பது மணிக்கு விலை ஏறியதை யார் போய் ஸ்டோருக்குச் சொல்வது? சொல்லாவிட்டால் மூன்று திரையும் ஒற்றுமையாகப் பழைய விலையைக் காட்டும். சண்டை அப்படியே இருக்கும்.

ஆக உங்களுக்கு முதலில் வேண்டியது சர்வர் தரவைப் பார்த்துக்கொள்ளும் லைப்ரரி. டான்ஸ்டாக் குவெரி (முன்பு ரியாக்ட் குவெரி என்று பெயர்) இந்த வேலைக்கே பிறந்தது. எத்தனை திரை விலையைக் கேட்டாலும் ஒரே பெயரில் கேட்டால் ஒரே நகலைத்தான் கொடுக்கும். நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், வந்த தரவை வந்த கணமே பழசு என்று வைத்துக்கொண்டு, ஒருவர் வேறு டேபுக்குப் போய்த் திரும்பி வந்தாலே மறுபடி சர்வரைக் கேட்கும். உங்கள் எடைத்திரையோ மூடாமல் கண்ணெதிரேயே கிடக்கும் திரை. அதனால் இத்தனை நொடிக்கு ஒருமுறை கேள் என்று ரீஃபெட்ச் இடைவெளியும் கொடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘நகலே கூடாது’ என்று உற்சாகத்தில் பில்லுக்குள் இருக்கும் விலையையும் அழித்துவிட்டு, ‘இன்றைய விலை’யைப் பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். எடை போட்ட நேரத்தில் பேசிய விலை அந்தச் சீட்டுக்குச் சொந்தம். அது நகல் இல்லை, பதிவு. நாளைக்கு விலை மாறினால் நேற்றைய பில்லும் சேர்ந்து மாறினால் என்னவாகும்? சீட்டில் எடையும் விலையும் இருக்கட்டும். மொத்தத்தைத் தனியாக ஸ்டேட்டில் வைக்க வேண்டாம், பெருக்கினால் வந்துவிடும்.

இப்படிச் சர்வருடையதைச் சர்வரிடம் விட்டுவிட்டு, பெட்டி திறந்திருக்கிறதா, எந்த எழுத்து தட்டப்படுகிறது என்கிற மாதிரி ஒரு திரைக்குள்ளேயே முடிகிற சங்கதிகளை அந்தந்தத் திரையிலேயே விட்டுவிட்டு, மீதி என்ன என்று பாருங்கள். யார் உள்ளே நுழைந்திருக்கிறார், எந்தப் படகைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், சிக்னல் இல்லாமல் அனுப்ப முடியாமல் கிடக்கும் எடைச்சீட்டுகள், அப்புறம் ஒன்றிரண்டு. அதற்கு ஸுஸ்டாண்ட் போதும். சின்னது, ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். மூன்று பேர் குழுவுக்கு நான் அதைத்தான் சொல்வேன். (ஸுஸ்டாண்ட் என்றால் ஜெர்மனில் ‘நிலை’. ஜோட்டாய் என்று இன்னொன்று இருக்கிறது, அது ஜப்பானியத்தில் ‘நிலை’. தமிழில் ‘நிலை’ என்று ஒன்று இன்னும் என் கண்ணில் படவில்லை. நமக்கு அது கதவு மாட்டுகிற சட்டம் என்பதாலோ என்னவோ.)

கேள்வி: லாத்தா, ரியாக்டிலேயே கான்டெக்ஸ்ட் இருக்கும்போது எதற்குத் தனி லைப்ரரி? என் துணிக்கடை ஆப்பில் எல்லாவற்றையும் ஒரே கான்டெக்ஸ்டில் வைத்திருக்கிறேன். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கடைப் பிள்ளைகளின் போனில் மட்டும் தேடுபெட்டியில் தட்டினால் எழுத்து வர நேரமாகிறது.
– கீழக்கரை வாசகி

பதில்: கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து அனுப்பிவிட்டீர்கள். தேடுபெட்டியில் தட்டும் எழுத்தையும் அந்தக் கான்டெக்ஸ்டில்தானே வைத்திருக்கிறீர்கள்?

இப்போது நாம் பயன்படுத்தும் கான்டெக்ஸ்ட் 2018-இல் ரியாக்ட் 16.3-உடன் வந்தது. அது மதிப்பைக் கீழே கொண்டுசேர்க்கும் குழாய், அவ்வளவுதான். குழாயில் இருக்கும் மதிப்பு மாறினால் அதில் வாய் வைத்திருக்கும் கம்போனென்ட் எல்லாம் மறுபடி வரையப்படும் (இதைத்தான் ரீரெண்டர் என்பார்கள்). ‘எனக்கு வாடிக்கையாளர் பெயர் மட்டும் போதும், தேடல் எழுத்து வேண்டாம்’ என்று ஒரு கம்போனென்ட் சொல்ல அதில் வழியில்லை. ‘பட்டு’ என்று தட்டுவதற்குள் முந்நூறு புடவைப் பட்டியல், பில் பட்டை, மெனு எல்லாம் ஒவ்வோர் எழுத்துக்கும் எழுந்து உட்காரும். உங்கள் லேப்டாப் அதைத் தாங்கும், எட்டாயிரம் ரூபாய் போன் தாங்காது.

தேடல் எழுத்தைத் தேடல் திரைக்கே திருப்பிக் கொடுங்கள். மீதியில் அடிக்கடி மாறாதவற்றை, அதாவது மொழித் தேர்வு, நுழைந்தவர் யார், திரையின் நிறம் போன்றவற்றை, கான்டெக்ஸ்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இத்தோடு எழுத்து வேகமாக வந்துவிட்டால் லைப்ரரியே வேண்டாம். பில் கூடை மாதிரி நொடிக்கு நொடி மாறுவதும், பல திரைகள் பார்ப்பதுமாக ஒன்று இருந்தால் அதை மட்டும் ஸ்டோருக்குக் கொண்டுபோங்கள். ஸ்டோரில் செலக்டர் என்று ஒரு வசதி உண்டு. கம்போனென்ட் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் கேட்கும், அந்தத் துண்டு மாறினால் மட்டும் எழும்.

சோதிக்கும்போது கடைப் பிள்ளையின் போனை வாங்கிச் சோதியுங்கள். நான் சென்னையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, இதைக் கற்றது மண்டபத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான்.

கேள்வி: ரிடக்ஸ் செத்துவிட்டது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். ஆனால் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் எல்லாம் ரிடக்ஸ் கேட்கிறார்களே?
– இராமநாதபுரம், கல்லூரி மாணவர்

பதில்: சாகவில்லை. இளைத்து, திருந்தி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கதை இது. ஃபேஸ்புக்கில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வந்தது. படிக்காத செய்தி ஒன்று இருப்பதாக எண் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சரிசெய்வார்கள், கொஞ்ச நாளில் மறுபடி முளைக்கும். ஒரே உண்மையை எண் ஒரு பக்கமும் உரையாடல் பெட்டி ஒரு பக்கமும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் அப்படித்தான். (தங்கச்சிமடத்துத் தம்பி கவனிக்க, நீங்கள் தனியாள் இல்லை.) அந்த அனுபவத்திலிருந்து தரவு ஒரே திசையில்தான் ஓட வேண்டும் என்கிற ஃப்ளக்ஸ் முறையை 2014-இல் வெளியே சொன்னார்கள். அதைச் சுருக்கி 2015-இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் செய்தது ரிடக்ஸ்.

என் அப்பாவின் கடை நோட்டைத் தெரிந்தவர்களுக்கு ரிடக்ஸ் புதிதே இல்லை. ஏலம் முடிந்ததும் கணக்கப்பிள்ளை ஒரு வரி எழுதுவார்: இன்ன படகு, இன்ன மீன், இத்தனை கிலோ, இன்ன விலை. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கமாட்டார், கீழே இன்னொரு வரி எழுதி நேர் செய்வார். அந்த வரிதான் ஆக்‌ஷன். பழைய பாக்கியையும் புது வரியையும் வைத்துப் புதுப் பாக்கியைச் சொல்கிற கணக்கப்பிள்ளைதான் ரெடியூசர். அவர் கணக்குப் போடும்போது கடிகாரம் பார்க்கக் கூடாது, போன் பேசக் கூடாது. கொடுத்த இரண்டை வைத்து மட்டும் சொல்ல வேண்டும். அதனால் எந்த நாள் பாக்கியையும் நோட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ரிடக்ஸ் டெவ்டூல்ஸ் என்ற பிழைதேடும் கருவியில் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிவதன் ரகசியம் இதுதான்.

பிறகு ஏன் கெட்ட பெயர்? சின்ன மாற்றத்துக்கும் நாலு கோப்பைத் தொட வேண்டியிருந்தது. அது போதாதென்று எல்லோரும் எல்லாவற்றையும் அதில் திணித்தோம். 2016-லேயே டான் அப்ரமோவ், உங்களுக்கு ரிடக்ஸ் தேவைப்படாமலும் போகலாம் என்று எழுதினார். செய்தவரே சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை. 2019-இல் ரிடக்ஸ் டூல்கிட் என்ற துணைத்தொகுப்பு வந்த பிறகு அந்த எழுத்துவேலை பெரும்பாலும் போய்விட்டது. இன்று ரிடக்ஸ் என்றால் டூல்கிட்தான். பழைய கிரியேட்ஸ்டோர் வழியைக் காட்டும் பாடம் கண்ணில் பட்டால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுங்கள்.

பதினைந்து, இருபது பேர் ஒரே நிரலில் கைவைக்கும் இடத்தில், ‘இந்தப் பாக்கி எப்படி இப்படி ஆனது’ என்று அடிக்கடி கேட்க வேண்டிய பண விஷயத்தில், நான் இப்போதும் ரிடக்ஸைத்தான் எடுப்பேன். விளம்பரம் கொடுக்கிற கம்பெனிகள் பெரும்பாலும் அந்த ரகம். கற்றுக்கொள்ளுங்கள், வீண் போகாது.

கேள்வி: லைப்ரரி போடுவது என்று முடிவு செய்துவிட்டோம். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பை எப்படி மாற்றுவது? முழுசாக ஒருமுறை திருப்பி எழுதிவிடலாமா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: வேண்டாம். 2017-இல் சென்னையில் நான் இருந்த குழு அதைத்தான் செய்தது. கம்பெனி பெயர் எதற்கு? தனிக் கிளையில் (நிரலின் தனி நகலில்) ஒன்பது வாரம் உட்கார்ந்து அத்தனை திரையையும் மாற்றினோம். தேதி தேர்ந்தெடுக்கும் பெட்டி திறந்திருக்கிறதா என்பதைக்கூட ஸ்டோரில் ஏற்றினோம், பெருமையாக. அந்த ஒன்பது வாரமும் இன்னொரு குழு பழைய கிளையில் புது வசதிகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. இரண்டையும் சேர்க்கிற அன்று நான் இரவு இரண்டு மணிக்கு அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூன்று நாள் கழித்து ஒன்பது வார வேலையையும் தூக்கிப்போட்டோம்.

அந்த யோசனையைக் கொடுத்தது நான்தான். அது உறைக்கப் பல வருடம் ஆனது.

இப்போது செய்வது இப்படி. எந்தத் திரைப் பிழைக்காக மாதம் இரண்டு தடவை போன் வருகிறதோ அந்த ஒரு விஷயத்தை எடுப்பேன். உங்கள் ஆப்பில் அது ‘தேர்ந்தெடுத்த படகு’ என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் ஸ்டோரில் வைப்பேன். அதைப் படிக்கும் திரைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் அன்றன்றே வெளியிடுவேன். பழைய வழியும் புது வழியும் கொஞ்ச நாள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பரவாயில்லை. ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு வழியிலும் மாற்ற விடக் கூடாது. எழுதுவது ஒரு பக்கம்தான், அதை முதல் நாளே பூட்டிவிட வேண்டும். கடைசித் திரையும் மாறியதும் பழைய நிரலை அழிக்க வேண்டும். ‘இருக்கட்டும், என்றாவது உதவும்’ என்று விட்டீர்களானால், புதிதாகச் சேர்கிற பிள்ளை சரியாக அதைத்தான் காப்பியடிப்பான்.

எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டால், ஏப்ரல் 15. கிண்டல் இல்லை. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜின் பார்ப்பதே அப்போதுதான். மீன் சம்பந்தப்பட்ட ஆப் என்றால் உங்களுக்கும் அந்த நாட்களில் கூட்டம் குறையும். ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது, அவர்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். அதனால் ஆப்பைச் சாத்திவிட்டு வேலை பார்க்க முடியாது. ஒவ்வொரு திரையாக மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஸுஸ்டாண்டில்தான் எடைச்சீட்டை வைக்கிறோம். பாம்பன் கரையில் சிக்னல் போய், யாராவது பக்கத்தை ரீலோட் செய்தால் சீட்டு எல்லாம் காணாமல் போகிறது. லைப்ரரியில் பிழையா?
– பாம்பன் வாசகர்

பதில்: லைப்ரரியில் பிழை இல்லை. ஸ்டோர் என்பது நினைவகத்தில் மட்டும் வாழ்வது, ரீலோட் செய்தால் ஈரமணலில் எழுதியதுதான். ஸுஸ்டாண்டில் பெர்சிஸ்ட் என்று ஒரு துணைக்கருவி வருகிறது, அதைப் போட்டால் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதி வைக்கும். தேர்ந்தெடுத்த படகுக்கு அது போதும். காசுக்கு நிகரான எடைச்சீட்டுக்கு நான் அதை நம்பமாட்டேன். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டுடிபியில் எழுதுங்கள், எழுதி முடித்த பிறகு ‘சேமித்தாயிற்று’ என்று காட்டுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் போனிலேயே ஓர் அடையாள எண் போட்டுவிடுங்கள். சிக்னல் வந்து இரண்டு தடவை அனுப்பினாலும் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஷெட்டில் ஒரே போனை நாலு பேர் பயன்படுத்துகிறார்கள், இல்லையா? ஒருவர் வெளியேறும்போது ஸ்டோரை மறக்காமல் காலி செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்து நுழைபவருக்கு முந்தையவரின் படகு தேர்ந்தெடுத்தபடி நிற்கும். அனுப்பாத சீட்டுகளை மட்டும் அழிக்காதீர்கள், யார் போட்டார் என்ற பெயரோடு அவை இருக்கட்டும்.

கேள்வி: நான் ரியாக்டுக்குப் பதில் வியூ பயன்படுத்துகிறேன். ஸ்டேட்டுக்கு எனக்கு எந்த லைப்ரரி?
– ஏர்வாடி வாசகர்

பதில்: பினியா. வியூ குழுவே பரிந்துரைப்பது. உங்களுக்குக் குழப்பம் குறைவு, கொடுத்துவைத்தவர். ரியாக்ட் பக்கம் 2020-இல் ஃபேஸ்புக்கிலிருந்தே ரீகாயில் என்று ஒரு ஸ்டேட் லைப்ரரி வந்தது. நானும் ஒரு சின்ன வேலையில் போட்டேன். 2025 தொடக்கத்தில் அதன் நிரல் இருக்கும் களஞ்சியத்தையே பூட்டிவிட்டார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் பெண் கொடுத்தது என் தப்பு.

கேள்வி: என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன் பண்ணினால் பக்கத்தில் இருக்கிறவரிடம் ‘ஸ்டேட் சரியில்லை, ஸ்டேட் சரியில்லை’ என்று பேசிக்கொண்டே இருக்கிறான். அரசியலில் ஏதும் இறங்கிவிட்டானா?
– உச்சிப்புளியிலிருந்து ஓர் அம்மா

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். அவர்கள் ஊரில் ஸ்டேட் என்றால் திரை இந்த நிமிடம் ஞாபகம் வைத்திருப்பது. நீங்கள் கூடையில் எத்தனை சாமான் போட்டீர்கள், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அந்த மாதிரி. அது இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாகக் காட்டினால் பிள்ளைக்குத் தூக்கம் போய்விடும். அடுத்த தடவை பேசும்போது, ‘எல்லாம் தேவையில்லாமல் ரீரெண்டர் ஆகுதாப்பா?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ‘சாப்பிட்டியா’ என்றால் ‘ம்’ என்று வைத்துவிடுகிறவன், இதற்கு அரைமணி நேரம் பேசுவான்.